அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஒரு கிரீம் சோடா

ஆயிரம் அலுவல்களுக்கு நடுவிலும் அசையாமல் அமர்ந்து அவைக்குத் தலைமை தாங்கும் பணிமனைத் தலைவர் அவர்களே, முப்பது ஆண்டு ஓட்டியும் முன்சக்கரத்தை முறைதவற விடாத மூத்த ஓட்டுநர்களே, சில்லறை கேட்டே குரல் தேய்ந்த நடத்துநர்களே, எண்ணெய்க் கறையை எப்படியோ கழுவிவிட்டு இன்று மட்டும் வெள்ளைச் சட்டையில் வந்திருக்கும் இயந்திரப் பிரிவு நண்பர்களே, இவர்கள் எல்லோரையும் எழுப்பி, எரிச்சலைப் பொறுத்து, ஏதோ ஒன்றை ஊட்டி, வேலைக்கு அனுப்பிவைக்கும் என் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் அடியாளின் அன்பு வணக்கம்.

நான் ஒன்பதாம் தடத்து ஓட்டுநரின் மனைவி. தையற்காரி. எந்நேரமும் கழுத்தில் அளவு நாடா தொங்குவதால் குடியிருப்பில் எனக்கு 'டேப்பக்கா' என்று பெயர். நம் சங்கச் செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு, "வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் கிரீம் சோடா". இனிப்பான தலைப்பு. ஆனால் என்னிடம் ஒருவர் இனிப்பாக எதைக் கொடுத்தாலும் நான் முதலில் அதைத் திருப்பிப் பார்ப்பேன். சந்தேகம் என் சுபாவம். "அதே அளவுதான் அக்கா, ஏறவே இல்லை" என்று வாடிக்கையாளர் சொல்வார். நான் நாடாவை எடுப்பேன். நாக்கு நழுவும், நாடா நழுவாது.

பின்வரிசையில் சிரிப்பது யார்? உங்கள் கால்சட்டையைப் போன மாதம் பிரித்துத் தைத்தவள் நான்தான். அமைதியாக உட்காருங்கள்.

போன வருடம் கோடை. முதல் ஷிப்ட் முடிந்து என் கணவர் நாலு மணிக்கு வீடு வருவார். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று அறியாத மனிதர். அவர் ஒரு நாள் நேராக அடுப்படிக்குள் போனார். போனவர் கதவைச் சாத்தினார். சாத்திய கதவுக்குப் பின்னால் 'புஸ்' என்று ஒரு சத்தம்.

தாய்மார்களே, அடுப்படிக்குள் ஆண்பிள்ளை நுழைந்தால் ஆச்சரியப்படலாம். நுழைந்து கதவைச் சாத்தினால் ஆச்சரியத்தோடு நிறுத்த முடியுமா?

வெளியே வந்தபோது கையில் உயரமான கண்ணாடி டம்ளர். அடியில் பொன்னிறம், மேலே வெண்ணிற நுரை, வெனிலா வாசனை. என்ன இது என்று கேட்டேன். வெயிலுக்கு ஒரு கிரீம் சோடா, அஞ்சு நிமிஷ வேலை, உனக்கும் வேணுமா என்றார். மதுவாக இருக்குமோ என்று முகர்ந்து பார்த்தேன். இல்லை. குடித்துப் பார்த்தேன். அருமையாக இருந்தது. அங்கேதான் என் சந்தேகம் தடித்தது. ஒரே நாளில் யாருக்காவது இந்தக் கைப்பக்குவம் வருமா? எத்தனை நாளாக நடக்கிறது இந்தப் பழக்கம்?

மறுநாள் என் கண்ணெதிரே செய்யுங்கள் என்றேன். செய்தார். செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், அதனால் செய்முறையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கோப்பை சர்க்கரைக்கு ஒரு கோப்பை தண்ணீர். கரைந்து இரண்டு கொதி வந்ததும் இறக்கி, நன்றாக ஆறவிட்டு, சில சொட்டு வெனிலா எசன்ஸ். இந்தப் பாகைக் குளிரில் வைத்துக்கொண்டால் வாரம் முழுக்கக் கவலை இல்லை. டம்ளர் நிறையப் பனிக்கட்டி, மூன்று கரண்டி பாகு, முக்கால் டம்ளர் வரை சில்லென்ற சோடா. கடைசியாக, கடைசியாகத்தான், குளிர்ந்த பாலோடு ஒரு கரண்டி கிரீமைக் கலந்து, கரண்டியின் முதுகில் வழியவிட்டு மெல்ல ஊற்றுங்கள். பாலை முதலில் ஊற்றி அதன்மேல் சோடாவைக் கொட்டினால் பொங்கி மேசையெல்லாம் ஓடும். எலுமிச்சை பக்கத்திலேயே வரக்கூடாது, பால் திரிந்துவிடும். அவ்வளவுதான். கொடுத்த தலைப்பை முடித்துவிட்டேன். இனி நான் பேச வந்ததைப் பேசுகிறேன்.

கண்ணெதிரே செய்து காட்டிய மனிதர் அடுத்த நாள் மறுபடியும் கதவைச் சாத்தினார். ஏன்? செய்முறையில் ஒளிக்க ஒன்றுமில்லை, பின் எதை ஒளிக்கிறார்? சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். கழுவியிருந்தது. இருபத்திரண்டு வருடம் கழுவாத டப்பாவை இப்போது கழுவித் தரச் சொன்னது யார்? மாலையில் தட்டு வைத்தால், டிப்போவிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்றார். அங்கே ஊட்டிவிடுவது யார்? அடுத்த வீட்டுத் தோழி ஆறுதல் சொல்ல வந்தாள். அம்பது வயசு நெருங்கினால் ஆம்பளைங்களுக்கு ஒரு கிறுக்குப் பிடிக்கும், நீ கண்டுக்காதே என்றாள். எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றி ஆறுதல் சொன்ன அந்தத் தோழி இரண்டாம் வரிசையில்தான் இருக்கிறாள். நன்றாக இருக்கட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய காக்கிக் கால்சட்டையைத் துவைக்க எடுத்தேன். இடுப்புப் பட்டையில் விரல் தடுக்கியது. புரட்டிப் பார்த்தேன். இடுப்பைப் பிடித்துத் தைத்திருந்தார்கள். அது என் தையல் இல்லை.

சகோதரிகளே, சட்டைக் காலரில் பொட்டு ஒட்டியிருந்தால் மற்றப் பெண்கள் துடிப்பார்கள். தையற்காரிக்கு அதெல்லாம் எதற்கு? வீட்டில் இரண்டு மிஷின் இருக்க, என் புருஷன் இடுப்பை இன்னொரு கை அளந்திருக்கிறது. இன்னொரு ஊசி இறங்கியிருக்கிறது. அதுவும் ஒரு தடவை இல்லை, ஒன்றன் உள்ளே ஒன்றாக மூன்று வரிசை. எனக்கு அழுகை வரவில்லை. அந்த நூலைத்தான் உற்றுப் பார்த்தேன். துணி தைக்கிற நூலே அல்ல. கனமான, மெழுகு பூசிய, முரட்டு நூல்.

மறுநாள் கால்சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு இதே பணிமனைக்கு வந்தேன். காவலர் கேட்டதற்கு, கணவர் மாத்திரையை மறந்துவிட்டார் என்று பொய் சொன்னேன். கிழிந்த பேருந்து இருக்கைகளுக்கு உறை தைக்கும் அறை ஒன்று உண்டே, அதன் வாசலில் நின்றேன். உள்ளே மிஷினில் அதே நூல். மிஷினுக்குப் பின்னால் எந்தப் பெண்ணும் இல்லை. இருக்கை தைக்கும் தம்பி, மீசையும் கண்ணாடியுமாக, என்னைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டார்.

கால்சட்டையை அவர் மேசையில் விரித்தேன். சொல்லக்கூடாது என்று அண்ணன் சத்தியம் வாங்கியிருக்கிறார் என்று தயங்கினார். நான் கழுத்து நாடாவை எடுத்து இடுப்பை அளந்தேன். நான் தைத்தபோது முப்பத்தெட்டு. இப்போது முப்பத்துமூன்று.

அந்தத் தம்பி மெதுவாகச் சொன்னார். "மூணு மாசத்துல மூணு தடவை பிடிச்சுக் குடுத்தேன் அண்ணி. வீட்லயே அண்ணி இருக்காங்களே, இங்க எதுக்கு வர்றீங்கன்னு கேட்டேன். அவ கையில குடுத்தா கண்டுபிடிச்சிடுவான்னாரு."

ஐந்து அங்குலம். என் பக்கத்தில் உட்கார்ந்த மனிதர் ஐந்து அங்குலம் கரைந்திருக்கிறார். ஊரார் இடுப்பையெல்லாம் அளக்கிற நான் அவரிடம் இன்னொருத்தியின் வாசனையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அன்று நாலு மணிக்குக் கதவைத் தட்டவில்லை. தள்ளினேன். தொட்டிப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். இடது கையில் டம்ளர், வலது கையில் நான் காலையில் கட்டிக்கொடுத்த சாப்பாட்டில் ஒரு கவளம். அதை மென்று மென்று, விழுங்கப் பார்த்து, முடியாமல், சோடாவை ஒரு வாய் குடித்து, நெஞ்சைத் தட்டி, கண்ணில் நீர் முட்டக் காத்திருந்தார். பிறகு எல்லாவற்றையும் தொட்டியில் துப்பினார். துப்பிவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்.

"சோறு இறங்க மாட்டேங்குது," என்றார். "முதல்ல இந்தச் சோடா தள்ளிவிட்டுச்சு. இப்ப அதுவும் தள்ளல."

எத்தனை நாளாக என்று கேட்டேன். நாலு மாதம் என்றார். டப்பாச் சாப்பாட்டில் ஒரு கவளத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை நடத்துநருக்குக் கொடுத்துவிட்டு, டப்பாவை இங்கே வந்து கழுவியிருக்கிறார். பாலும் கிரீமும்தான் அவரைச் சக்கரத்தின் முன்னால் உட்கார வைத்திருக்கின்றன. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவே. அவங்க எழுதிக் குடுத்தா வண்டியை எடுத்துக்குவாங்க."

மறுநாள் காலை இழுத்துக்கொண்டுதான் போனேன். குழாய் விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயில் ஒரு கட்டி. அறுவை சிகிச்சைக்கு வழி இருக்கிற நிலையில்தான் வந்திருக்கிறீர்கள் என்றார் மருத்துவர். முதலில் கவனித்தது யார் என்று கேட்டார். என் கணவர் சொன்ன பதில், "தையற்காரி, டாக்டர்."

இருக்கை தைக்கும் தம்பி, எங்கே தலையைக் குனிந்துகொள்கிறீர்கள்? நிமிருங்கள். அன்று நீங்கள் கொடுத்த சத்தியத்தைக் காப்பாற்றியிருந்தால் இன்று என் பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும்.

அறுவை முடிந்தது. அதன்பின் மாதக்கணக்கில் சிகிச்சை. சோடாவை மருத்துவர் அடியோடு நிறுத்திவிட்டார். கரண்டி கரண்டியாகக் கஞ்சி, பிறகு குழைவான உணவு, பிறகு கையளவு சாப்பாடு. ஓட்டுநர் இருக்கைக்கு அவர் திரும்பவில்லை. நேரக் காப்பாளர் அறையில் உட்கார்கிறார். ஒன்பதாம் தடத்து வண்டி வெளியே போகும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்க்கிறார் என்று சொல்கிறார்கள். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதையும் நான் சந்தேகத்தோடுதான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

ஓட்டுநர் பெருமக்களே, வண்டியில் சின்னதாக ஒரு சத்தம் கேட்டால் அன்றே பணிமனைக்குக் கொண்டுவருகிறீர்கள். உங்கள் உடம்பில் சத்தம் கேட்டால் மட்டும் பாட்டைக் கொஞ்சம் கூட்டி வைக்கிறீர்கள். இது என்ன நியாயம்? வண்டிக்கு ஒரு நீதி, வண்டியோட்டிக்கு ஒரு நீதியா? தாய்மார்களே, சாத்திய கதவைச் சந்தேகப்படுங்கள். கழுவிய டப்பாவைச் சந்தேகப்படுங்கள். ஒன்றுமில்லை என்கிற ஒற்றைச் சொல்லை ஓராயிரம் முறை சந்தேகப்படுங்கள். ஆனால் என்னைப்போல் மனத்துக்குள்ளேயே வழக்கு நடத்தி மனத்துக்குள்ளேயே தீர்ப்பு எழுதாதீர்கள். இல்லாத ஒருத்தியோடு நான் மூன்று வாரம் சண்டை போட்டேன். அந்த மூன்று வாரமும் அவர் பட்டினி கிடந்தார்.

தலைவர் அவர்களே, கடைசிச் சந்தேகம் உங்கள்மேல். ஒரு மனிதன் சாவைவிட உங்கள் கையெழுத்துக்கு அதிகம் பயந்திருக்கிறானே, அது ஏன்? நோயைச் சொன்னவரின் வேலை போகாது, வேறு இருக்கை கிடைக்கும் என்று முன்னமே தெரிந்திருந்தால் அவர் கதவைச் சாத்தியிருப்பாரா? தலைவர் தலையசைக்கிறார். நன்றி ஐயா. தலையசைப்பை நான் நம்புவதில்லை. எழுத்தில் எழுதி, ஓய்வறைச் சுவரில் ஒட்டுங்கள். ஒட்டியதை நாங்கள் வந்து படித்துப் பார்ப்போம்.

கைதட்டல் போதும், செயலாளர் மணியை எடுத்துவிட்டார். ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை அவர் ஒரு தட்டுச் சாப்பாட்டை நிதானமாக, முழுதாகச் சாப்பிட்டார். நான் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு கவளமும் தொண்டையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிக் கவளத்தை விழுங்கிவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்து, "உப்பு கம்மி" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். அன்று எழுந்து போய் அடுப்படியில் நின்று அழுதேன். கதவைச் சாத்தவில்லை.

பொறுமையாய்ச் செவிகொடுத்த பெரியோருக்கும், பேச இடம் தந்த சங்கத்துக்கும், உங்கள் வீடுகளில் உங்களுக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு தட்டுக்கும் என் நன்றி. வணக்கம்.