தினமும் விளையாடுவான்

ராத்திரி பதினொன்றரை. ஊரைத் தாண்டிய கம்பெனி ரோடு... இரண்டு பக்கமும் கண்ணாடிக் கட்டடங்கள், நடுவில் ஒரு நாய்கூட இல்லை. நாய்க்கு அங்கே வேலை கிடைக்கவில்லையோ, கிடைத்தும் வேண்டாமென்று ஓடிவிட்டதோ, எனக்குத் தெரியாது. என் சிநேகிதனின் சம்பந்தி வீட்டு மாப்பிள்ளைக்கு நடந்தது இது. கூட்டிச் சொன்னால் என் நாக்கு அழுகட்டும். யாராவது எழுந்து அந்தக் கதவைச் சாத்துங்கள்.

கம்பெனியில் அவன் பட்டப்பெயர் படங்காட்டி. வேலைக்குச் சேர வருகிறவர்களைச் சுற்றிக் காட்டுவதுதான் பிழைப்பு. முதலில் காட்டுவது தரைத்தளத்து விளையாட்டு அறை. கண்ணாடிச் சுவர், பச்சை டேபிள் டென்னிஸ் மேஜை, இரண்டு மட்டைகள். விளம்பரம் எல்லாவற்றிலும் அந்த அறைதான் பல்லைக் காட்டும். காட்டி முடித்ததும் பூட்டு. சாவி படங்காட்டியின் இடுப்பில். சேர்ந்தவன் எவனும் உள்ளே கால் வைத்ததில்லை. மாடியில் ஒன்றுக்குப் போகவே கம்ப்யூட்டரிடம் அனுமதி கேட்க வேண்டும், பந்தாட யார் விடுவார்?

எல்லாம் தெரிந்தும், மேனேஜரிடம் நல்ல பெயர் வாங்கப் பெண்டாட்டியின் தம்பியையே கூட்டி வந்து காட்டினான்.

“அத்தான், நிஜமாவே ஆட விடுவாங்களா?”

“எப்ப வேணா இறங்கி வாடா. நானே உன்கூட ஆடறேன்.”

சேர்ந்தான். ஒரே ஒரு நாள் இறங்கி வந்தான். கண் சிவந்து, நெற்றியில் தலைவலித் தைலம். பூட்டைப் பார்த்தான்... அத்தானைப் பார்த்தான்... ஒன்றும் கேட்காமல் படியேறிப் போய்விட்டான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அப்புறம் ஒரு நாள் தலை கீபோர்டின்மேல் சாய்ந்தது. வேலை பார்க்கிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அடுத்த ஷிப்டுக்காரன் தோளைத் தொட்டபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

பெண்டாட்டி அழுது ஓய்ந்து ஒன்றுதான் கேட்டாள். “அங்க அவன் சந்தோஷமாத்தானே இருந்தான்?”

படங்காட்டி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “தினமும் விளையாடுவான்.”

அவள் நம்பிவிட்டாள். அன்றிலிருந்து இவனுக்குத்தான் சோறு இறங்கவில்லை, அவள் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

அந்தப் பதினொன்றரைக்கு வருவோம். பஸ் நிறுத்தம்வரை போனவனுக்குச் சந்தேகம், விளையாட்டு அறையில் ஏ.சி.யை அணைத்தோமா என்று. அங்கே மனுஷன் அணைந்தால் கேள்வியில்லை, ஏ.சி. அணையாவிட்டால் கேள்வி உண்டு. திரும்பி நடந்தான்.

உள்ளே நுழையும்போதே... டக்... டொக்.

பந்து தரையில் விழுந்து, துள்ளித் துள்ளி, உருண்டு... நின்றது.

மறுபடி டக்... டொக்... விழுந்தது. எதிர்ப்பக்கம் ஆளில்லாமல் ஒருத்தர் மட்டும் ஆடினால் அப்படித்தான் கேட்கும்.

பூட்டு பூட்டியபடி. கண்ணாடிக்குப் பின்னால் இருட்டு. கதவிடுக்கில் தைல வாசனை...

“அத்தான்... நீங்க வரலையா?”

வீடுவரை ஓடியே வந்தான். பெண்டாட்டியிடம் மூச்சு விடவில்லை. எதை என்று சொல்வான்?

காலையில் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். மேஜையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “சார், நிஜமாவே ஆட விடுவாங்களா?”

‘ஓடிப் போயிடும்மா’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். பக்கத்தில் மேனேஜர் தொண்டையைச் செருமினார்.

“எப்ப வேணா வந்து ஆடலாம்மா,” என்றது அந்த வாய்.

சேர்ந்தாள். தினமும் ராத்திரி டக்... டொக்... பந்து விழும், உருளும், நிற்கும். படங்காட்டி காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவான். வெட்கங்கெட்டவனுக்கு எதுவும் பழகிவிடும்.

அப்படி ஒரு ராத்திரி... டக்... டொக்... டக்... டொக்... டக்... டொக்...

பஞ்சைப் பிடுங்கிப் போட்டான். பந்து விழவில்லை.

இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஓடினான். அந்தப் பெண்ணின் தலை கீபோர்டின்மேல் சாய்ந்திருந்தது.

பக்கத்துச் சீட்டுக்காரன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். “ஷ்... சத்தம் போடாதீங்க சார். வேலை பாக்கறா.”

கீழே இன்னும் பந்து விழவில்லை.