செடிக்குள் ஓடிய அரணை

மூணாற்றிலிருந்து அடிமாலிக்கு இறங்கிய பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். வேறு வேறு தேயிலைத் தோட்டத்துக்காரர்கள் என்பது பேச்சில் தெரிந்தது. ஜன்னலோரம் இருந்தவள் திடீரென்று சொன்னாள்:

“அரணைக்கு விஷமே கெடையாதாம் மதினி. டாக்டரு சொல்லுதாரு.”

“அரணை கடிச்சா மரணம்னுல்லா சொல்லுவாக?”

“அப்படித்தான் நானும் நம்புனேன். போன மாசம் ஒருநா காலையில கொழுந்து கிள்ளிக்கிட்டு இருந்தோம். எம்மக செல்வி ‘ஆ’ன்னு காலைப் புடிச்சிக்கிட்டு உக்காந்துட்டா. பாத்தா, மேலெல்லாம் வரிவரியா ஒரு அரணை செடிக்குள்ள ஓடுது. இனிமே பொழைக்க மாட்டான்னு லயத்து வீட்டுக்குத் தூக்கியாந்து மடியில போட்டுக்கிட்டேன்.”

“ஆசுபத்திரிக்கு?”

“செத்த பொறவுதான் கொண்டுபோனோம். டாக்டரு கால்ல இருந்த பல்தடத்தப் பாத்துட்டு, ‘இது பாம்பு கடிச்சது, அரணை இல்ல. உடனே கொண்டாந்திருந்தா ஊசி போட்டிருப்பேனே’ன்னாரு.”

மற்றவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒனக்கு எப்படித் தெரியும் மதினி? அந்த மலையில வண்டிக்குத்தான் எங்க போவ?”

“வண்டி இருந்துச்சே! எஸ்டேட் ஜீப்பு லயத்து வாசல்லயே நின்னுச்சு. டிரைவர் மூணு தடவ கூப்பிட்டான். ‘போலாம்மா’ன்னு செல்வியுந்தான் சொன்னா. ‘சாகப்போற புள்ளைய எதுக்கு ரோட்டுல போட்டுக் குலுக்கணும், எம்மடியிலயே போகட்டும்’னு நான்தான் ஜீப்பத் திருப்பி அனுப்பிட்டேன். மத்தியானம் வரைக்கும் உசுரோட இருந்தா மதினி.”