சேவு டப்பாவைச் சுற்றிய சட்டை

— ஏ அனு, பைய நீயே கட்டிக்கோ. நான் தொட மாட்டேன்.

— என்னம்மா இது? நேத்துலருந்து பாக்கேன், பையக் கண்டாப் பத்தடி தள்ளி நிக்க.

— கையி சுத்தமில்லட்டி.

— இப்பத்தான நாலு தரம் சோப்புப் போட்டுக் களுவுன? சோப்புல பாதியக் காணோம்.

— எம்புட்டுக் களுவுனாலும் மருந்து போகாது. இருவது வருசமா பட்டாசுக் கம்பெனிக்குப் போறேன்… நகக்கண்ணுல போயி உக்காந்திருக்கும். நீ பிளேன்ல வேலை பாக்குற பிள்ளை. சேவு டப்பா அந்தா இருக்கு. பேப்பர்ல சுத்தி நீயே வையி.

— அதென்ன புதுசா பேப்பரு? பொங்கலுக்கு வந்துட்டுப் போனப்ப, சேவு நொறுங்கிரக் கூடாதுன்னு உன் வேலைச் சட்டையிலதான சுத்திக் குடுத்த?

— அத விடு. சாத்தூர்ல ரயிலு எத்தனை மணிக்கு?

— ஆறேகாலுக்கு. பேச்ச மாத்தாத.

— நீ மட்டும் மாத்தலாமாக்கும்? ரெண்டு மாசமா லீவு லீவுங்க. எந்தக் கம்பெனிக்காரன்டி இம்புட்டு நாள் லீவு தாரான்?

— அது… சேத்து வச்ச லீவும்மா.

— தீபாவளி முடிஞ்சா எங்க கம்பெனியச் சாத்திருவாக. யாரும் கேட்டா நானும் லீவுன்னுதான் சொல்லுவேன். லீவு எது, வேலை இல்லாம இருக்கது எதுன்னு மொகத்தப் பாத்தாத் தெரியும்டி.

— …யாரு சொன்னா?

— தஹ்மீனா.

— அவளா! ஏம்மா, என்கூட வேலை பாத்தவ உங்கிட்டயா வந்து சொன்னா?

— நீ போன எடுக்கலன்னு எனக்குப் போட்டா. "வேலை போனத நெனச்சு அனு அளுதாளாம்மா"ன்னு கேட்டா. எனக்குத் தெரியும்னு நெனச்சுட்டா, பாவம். பொறவு நான் விடுவனா? அம்புட்டையும் கக்க வச்சுட்டேன்.

— அம்புட்டையுமா?

— மிஷினு கத்துனது வரைக்கும்.

— அய்யோ…

— ஏர்போர்ட்ல பையத் தொடச்ச துணிய மிஷின்ல வச்சாகளாம். வெடிமருந்துன்னு கத்துச்சாம். துப்பாக்கிக்காரன் எல்லாம் உன்னச் சுத்தி நின்னானாம். தொறந்து பாத்தா எஞ்சட்டை… இருக்கன்குடி ஆத்தா! எம்பிள்ளை எப்பிடி நடுங்கிருக்கும்.

— அப்பிடில்லாம் இல்லம்மா. அரை மணி நேரம் உக்கார வச்சாக. விசயத்தச் சொன்னேன், விட்டுட்டாக.

— விட்டுட்டாக! அப்புறம் வேலைய விட்டு அனுப்பிட்டாக. சேவு நொறுங்கக் கூடாதுன்னு பாத்தேன். எம்மக பொளப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டேன்.

— ம்மா, இங்கன பாரு. அதனாலயா வேலை போச்சுன்னு நெனச்ச?

— பின்ன?

— எங்களுக்கு மூணு வருசக் காண்ட்ராக்ட்டும்மா. எங்க பேட்ச்சுல நாப்பது பிள்ளைக. ஒருத்திக்கும் நீட்டிக் குடுக்கல. தஹ்மீனா பையில மருந்தா இருந்துச்சு? அவளையும்தான அனுப்புனாக.

— அவளும் அப்பிடித்தான் சொன்னா. என் மனசு ஆறட்டும்னு சொல்றாளோன்னு…

— எங்கள வச்சுக்கிட்டாச் சம்பளத்தக் கூட்டணும், நிரந்தரம் ஆக்கணும். புதுப் பிள்ளைகன்னாக் கொறச்சலுக்கு வரும். யூனிபார்மத் திருப்பிக் குடுக்கப் போனமா… அன்னைக்கே கீள புது ஆளுக்கு இண்டர்வியூ. வரிசை தெரு வரைக்கும் நிக்கி. ஒயரம் அளக்காக, பல்லப் பாக்காக, கையில தளும்பு இருக்கான்னு பாக்காக… அப்ப எங்களப் பாத்த அதே மாதிரி.

— அடப்பாவிகளா. பூசை போட்டுக் கம்பெனியத் தொறந்தா, எங்க போர்மேனு வாசல்ல வந்து நின்னு "நாளைக்கு வந்துரு"ன்னு கூப்புட்டுட்டுல போவாரு? மானத்துல பறக்குற பிள்ளைகளுக்கு அந்த மரியாதை கூட இல்லையா?

— மெயில் வந்துச்சு. நாலு வரி.

— அப்ப எஞ்சட்டையால இல்ல.

— இல்லவே இல்ல.

— சத்தியமா?

— உன் மேல சத்தியம்மா.

— ஏ தாயி… ஒண்ணரை மாசமாச் சோறு எறங்கலடி எனக்கு. இருக்கன்குடிக்கு நடந்தே வாரேன்னு நேந்துருக்கேன்.

— இனி நடக்க வேண்டாம்ல?

— வாய மூடு. ஆத்தாகிட்டச் சொன்னது சொன்னதுதான்.

— சரி… நேந்ததோட நிறுத்திக்கிட்டியா? வேற ஏதும் பண்ணலையே?

— நான் என்னத்தப் பண்ணப் போறேன்.

— லெட்டரு ஏதும் போடல?

— என்ன லெட்டரு?

— "ஐயா அவர்களுக்கு. மேற்படி சட்டை எங்கள் தொழிலாளி ஆவுடைத்தாய் என்பவருக்குச் சொந்தமானது. பையைக் கட்டியது தாய். மகள் மீது யாதொரு குற்றமும் இல்லை. பிள்ளையை மீண்டும் வேலையில் சேர்த்துக்கொள்ளுமாறு…" கீள உன் கையெழுத்து. பக்கத்துல பட்டாசுக் கம்பெனி சீலு!

— அய்யய்யோ! யாருட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு, எழுதிக் குடுத்த போர்மேன் முத்துக்கிருஷ்ணன் அண்ணன்ட்டச் சொல்லிருந்தேனே!

— அவரு சொல்லல. போன மாசம் கல்யாணம்னு சொல்லிச் சென்னைக்குப் போனேன்ல? கல்யாணம் இல்ல. பளைய ஆபீசுல சர்ட்டிபிகேட்டு வாங்கப் போனேன். அங்கன ஒரு மேடம் உன் லெட்டர எடுத்துக் குடுத்தாக. பார்சல் மேல பட்டாசுக் கம்பெனி பேரப் பாத்துட்டுப் பிரிக்கவே பயந்தாகளாம். சேவ வேற சேத்து அனுப்பிருக்க!

— வெறுங்கையோட எப்பிடிடி கேக்க?

— அதையும் மிஷின்ல வச்சுப் பாத்தாகளாம்.

— கத்துச்சா?

— கத்தல.

— எப்பிடிக் கத்தும்? நான் தொடவே இல்லையே. ஜெராக்ஸ் கடை குல்சார் பேகம் அக்காதான் பார்சல் கட்டுனாக.

— சேவு ரொம்ப நல்லாருந்துச்சுன்னு சொன்னாக. "என்னால ஒண்ணும் செய்ய முடியலம்மா, நானும் காண்ட்ராக்ட்டுதான்"னு சொல்லிக் கண்ணக் கசக்குனாக.

— நல்ல மனுசி. எங்கிருந்தாலும் நல்லாருக்கட்டும். …நீ அளுதியா?

— படிக்கட்டுல உக்காந்து அளுதேன். எனக்காக இப்பிடி யாரும்மா… உனக்கு எப்பிடி நன்றி சொல்லன்னே தெரியல.

— போடி, நன்றியாம்ல நன்றி. அது கெடக்கட்டும். வேலை இல்லன்னா இப்ப ரயிலேறி எங்க போற?

— வேற ஏர்லைன்ஸ்ல எடுத்துட்டாகம்மா. நாளன்னைக்கி டிரெய்னிங்.

— ஏ களுத! அத மொதல்ல சொல்ல மாட்டியா!

— இதுவும் காண்ட்ராக்ட்தான். ஒரு வருசம்.

— இருக்கட்டும். ஒரு சீசன் ஓட்டு, பொறவு பாப்போம். இண்டர்வியூல அந்த மிஷினு கதையக் கேட்டாகளா?

— கேக்கல. நானே சொன்னேன்.

— புத்தி கெட்டவளே! ஏன்டி?

— அம்மாவுக்கு என்ன வேலைன்னு கேட்டாக.

— அதுக்கு… பளைய கம்பெனில எழுதுனியே, அதையே சொல்ல வேண்டியதுதான?

— ம்மா… அது உனக்கு…

— "வீட்டில் இருக்கிறார்." அதான? அந்த அப்ளிகேசன் பாரத்த ஜெராக்ஸ் எடுத்தன்னைக்கே குல்சார் அக்காகிட்ட வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்டி. உம்மேல கோவமில்ல. நாலு படிச்ச பிள்ளைக நடுவுல உனக்குக் கூச்சமா இருக்கும்ல.

— …இந்தத் தடவ "ஆவுடைத்தாய், பட்டாசுத் தொழிலாளி, தாயில்பட்டி"ன்னு எழுதிட்டேன்மா. உன் லெட்டரையும் எடுத்து அவுக முன்னால வச்சேன். வா… சேவ நீயே வையி, பைய நீயே கட்டு. மிஷினு கத்துனாக் கத்தட்டும். எங்கம்மா கட்டுன பைன்னு நானே சொல்லிக்கிடுதேன்.