பென்சில் கனத்தில் ஒரு கொத்து முடி

உங்களுக்கு நெற்றியோரம் முடி கொட்ட ஆரம்பித்திருக்கிறது, அதிகாரி அம்மா. ஈரத்தோடு சீவுகிறீர்கள் என்று நினைக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், முப்பத்தொரு வருடமாகத் தலைமுடிதான் என் பிழைப்பு. அதில் இருபத்தாறு வருடம் ஒரே தலை, பாடகி ரோஸ்விதாவின் தலை.

‘மே மாத ரயில்’ பாட்டை ஜெர்மனியே முணுமுணுத்த காலத்தில் அந்தச் செம்பட்டைக் கொண்டையைப் போட்டுவிட்டது நான்தான். பிறகு பெரிய மேடைகள் போய், பியர்க் கூடாரங்கள் போய், கடைசியில் ஒரு மரச்சாமான் கடைத் திறப்புவிழாவில் சோபாக்களுக்கு நடுவே நின்று பாடினாள். அப்போதும் கொண்டை கலையவில்லை. குடி மட்டும் கூடிப்போனது. டோர்ட்முண்டில் குடித்துவிட்டுக் கார் ஓட்டி, சைக்கிளில் போன ஒரு வாத்தியாரின் இடுப்பை உடைத்தாள். நீதிபதி பதினான்கு மாதச் சிறை விதித்து, அதை நிறுத்திவைத்தார். இனி ஒரு சொட்டு குடித்தாலும் உள்ளே போக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பின்மண்டையில் பென்சில் கனத்துக்கு ஒரு கொத்து முடியை ஒட்ட வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். குடித்திருந்தால் முடி காட்டிக்கொடுத்துவிடும். வெட்டிய இடம் தெரியாமல் சீவிவிட்டதும் நான்தான்.

அவள் குடிக்கவில்லை. அதில் எனக்கு அப்போதும் பெருமை, இப்போதும் பெருமை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக் காப்பிக்குக் கேக் வாங்கினால்கூட, ரம் விட்டிருக்கிறார்களா என்று கடைக்காரியிடம் இரண்டு தடவை கேட்பாள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேக்கை வெட்டிக்கொண்டே சொன்னாள்.

“இன்னும் ரெண்டே சோதனைதான், எல்கே. முடிஞ்சதும் தீவுல அக்காகூடப் போய் இருந்துக்கப் போறேன். பாட்டும் போதும், கொண்டையும் போதும். முடிய ஒட்ட வெட்டிக்கிறேன். அந்தக் காத்துல யாருக்குடி சிங்காரிக்கணும்?”

நான் என்ன செய்வேன் என்று அவள் கேட்கவில்லை. என் தட்டில் இன்னொரு துண்டு வைத்தாள். எனக்கு மனசு விட்டுப்போயிற்று, அதை ஏன் மறைக்க வேண்டும்.

என் பெட்டியிலிருந்து நீங்கள் எடுத்த புட்டியில் இருப்பது மூலிகைத் தைலம். முடி வேருக்கு நல்லது. அதைத் தடவினால் குடிக்காதவள் முடியும் சோதனையில் குடித்தவள் முடி மாதிரி காட்டும் என்று எங்கள் தொழிலில் இருக்கும் ஒருத்தி புலம்பியிருந்தாள். அவள்தான் உங்களிடமும் சொல்லியிருப்பாள். காலையும் மாலையும் தேய்த்துவிட்டேன். சுகமாக இருக்கிறது என்று ரோஸ்விதா கண்ணை மூடிக்கொள்வாள். தலைக்கு என்ன பூசுகிறீர்கள் என்று சோதனைத் தாளில் ஒரு கேள்வி உண்டு. கண்ணாடி இல்லாமல் அவளால் படிக்க முடியாது. ஷாம்பு மட்டும் என்று நான் எழுதினேன், கையெழுத்தை அவள் போட்டாள்.

நீதிமன்றத்தில், குடிக்கவே இல்லை என்று அழுதாள். குடிகாரர்கள் எல்லாரும் சொல்வதுதானே. சொந்த அக்காவே நம்பவில்லை. தீவிலிருந்து இன்றுவரை ஒரு கடிதம் இல்லை.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை நான் சிறைக்குப் போய்ப் பார்க்கிறேன். போன தடவை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் குடிச்சிருப்பேனோ, எல்கே? குடிச்சிட்டு மறந்துட்டேனோ? இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு.”

“நீ குடிக்கலடி” என்றேன்.

“நீ ஒருத்திதான் என்னை நம்புறே.”

நிஜம்தானே அம்மா. எல்லாரும் கைவிட்டபோது அவளைச் சந்தேகப்படாதவள் நான் ஒருத்திதான். அடுத்த சந்திப்பு வியாழக்கிழமை. அதற்குள் என்னை விட்டுவிடுவீர்களா? பாவம், அவளுக்கு வேறு யாரும் இல்லை.