எண்பதுல வர்ற நடுக்கம்

சாயங்காலம் நாலே கால் மணி. பேய்க் கதைன்னதும் ராத்திரின்னு நினைச்சுக்காதீங்க, நல்ல வெளிச்சம். ஏரிக்கரை ஓரமா ஒரு நீள ரோடு... ஒரு வீடு கிடையாது, ஒரு கடை கிடையாது.

டேய் நெட்டை, ஷட்டரை இன்னும் கொஞ்சம் இறக்கு, சாரல் அடிக்குது. கரண்ட் இப்போதைக்கு வராது. நம்ம டயர்க் கடையில காத்து பிடிக்கிற பையன், கம்ப்ரசர்னு கூப்பிடுவோமே, அவன் இன்னிக்கு லீவு, அதான் சொல்றேன். அவன் இருந்தா எழுந்து போயிடுவான். நடந்தது அவன் தங்கச்சிக்கு.

தங்கச்சிக்கு அப்ப எட்டு மாசம். அவ வீட்டுக்காரர், நம்ம மாப்பிள்ளை, தொட்டில் வாங்கப் போறேன்னு போயிட்டு பழைய வண்டி உடைக்கிற இடத்துலேர்ந்து நாலு பெரிய வீல் வாங்கிட்டு வந்து நிக்கறார். அவர் காருக்கு கம்பெனி கொடுத்தது பதினஞ்சு இஞ்சு வீல். இது பதினெட்டு. அந்தப் பொண்ணு தலையில அடிச்சுக்கிட்டுச் சிரிச்சுச்சு. மாட்டினது யாரு? நான்தான். பழைய வீலை அன்னிக்கே யாருக்கோ தூக்கிக் கொடுத்துட்டார் மனுஷன்.

அந்த நாலே கால் மணிக்கு ரெண்டு பேரும் ஏரிக்கரை ரோட்டுல போறாங்க. எழுபது கிலோமீட்டர் வேகம் வரைக்கும் ஒண்ணுமில்ல. எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்குது... டுறுறுறுறு... நூறுல அடங்கிடுது. எண்பதுல மட்டும்தான். ஆஸ்பத்திரி அந்த ரோட்டைத் தாண்டி ஒரு மணி நேரம். வலி எடுத்தா இதே வண்டி, இதே ரோடு. மறுநாள் காலையில கடை திறக்குறதுக்கு முன்னாடியே வந்து நின்னார். பிரசவத்துக்குள்ள சரி பண்ணிக் கொடுங்கண்ணேன்னு கையைப் பிடிச்சுக்கிட்டார்.

எனக்கு உள்ளுக்குள்ள காரணம் தெரியும். தப்பு என்னுது. பெரிய வீலோட நடு ஓட்டை, அது போய் உக்கார்ற வண்டி ஹப்பைவிடப் பெருசு, இடையில ஒரு வளையம் போட்டுத்தான் மாட்டணும். நட்டு பிடிச்சா நிக்கப்போகுதுன்னு அசால்ட்டா விட்டுட்டேன். யாருக்கும் மூச்சு விடாம லேத்துல வளையம் கடைஞ்சு போட்டு, நானே எடுத்துட்டுப் போனேன். எழுபது... எழுபத்தஞ்சு... எண்பது. டுறுறுறுறு.

சரி, பேலன்சிங். மெஷின்ல ஏத்தினா இடது முன் வீல் ஒரு பக்கம் எடை பத்தலைன்னு நாப்பது கிராம் கேட்டுச்சு. அந்த எடைக்கு ஈயக் கட்டி வச்சு அடிச்சேன். சைபர் காட்டுச்சு. சும்மா இன்னொரு தடவை சுத்தி விட்டேன்... எதிர்ப்பக்கம் நாப்பது கேக்குது. அங்கயும் அடிச்சேன், சைபர். மறுபடி சுத்தினா வேற இடம். உள்ள என்னமோ நகர்ந்து நகர்ந்து உக்காருது. ரிம் வளைஞ்சிருக்கான்னு பார்த்தேன், நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. பேரிங் சரி. ஸ்டியரிங்கையும் வீலையும் சேர்க்கிற டை ராடு, அதைப் புதுசாவே மாத்தினேன். அந்த வீலைக் கழட்டிப் பின்னாடி போட்டேன். பின் வீல்ல கோளாறுன்னா சீட்டுதானே ஆடணும்? ஸ்டியரிங்தான் ஆடுச்சு. கடுப்பாயிட்டேன்.

உள்ள கல்லு கில்லு கிடக்குதான்னு டயரைப் பிரிக்கலாம்னு வால்வைப் பிடுங்கினான் கம்ப்ரசர். காத்து ஸ்ஸ்னு ஒரே சீரா வரணும். விட்டு விட்டு வந்துச்சு. ஸ்ஸ்... நின்னுச்சு. ஸ்ஸ்... நின்னுச்சு. ரப்பர் நாத்தம் இல்ல, பால் புளிச்ச வாசனை. நான் கட்டை விரலை வச்சு வால்வை அடைச்சேன்.

விரலை உள்ள இழுத்துச்சு.

பிரிச்சா ஒரு மண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு. வேற வீல் கையில இல்ல, அதையே திரும்ப மாட்டி வண்டியைக் கொடுத்தேன். இந்த நாலையும் தூக்கிப் போட்டுடுவோம், பழைய அளவுலயே வீல் சொல்லியிருக்கேன், திங்கக்கிழமை வந்துடும், அதுவரைக்கும் வண்டியை எடுக்காதீங்கன்னு மாப்பிள்ளைகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.

சனிக்கிழமை மத்தியானம் வலி எடுத்துடுச்சு. மூணு வாரம் முன்னாடியே. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டா வேற கேஸுக்குப் போயிருக்கு, வர ஒரு மணி நேரம் ஆகும்னாங்க. பாவம், அவர் என்ன செய்வார்? அதே வண்டியை எடுத்தார். முதல்ல அறுபதுலயேதான் உருட்டியிருக்கார். அவ பல்லைக் கடிச்சுக்கிட்டுத் துடிக்கவும் மனசு கேக்காம அழுத்திட்டார். எண்பது. ஸ்டியரிங் பிடிக்க முடியாத ஆட்டம். அவர் கத்தியே அழுதுட்டாராம்... அப்புறம் அது பட்டுனு அடங்கிடுச்சு. எண்பதுலயேதான் போகுது, ஆனா வெண்ணெயில வழுக்குற மாதிரி ஆட்டமே இல்லாமப் போகுது. அப்பாடான்னு அவ பக்கம் திரும்பினார்.

அவ ரெண்டு கையாலயும் வயித்தை அழுத்திப் பிடிச்சிருக்கா. மடியில இருந்த தண்ணி பாட்டில் தடதடங்குது. "ஏங்க, வண்டியை நிறுத்துங்க"ன்னா. ஓரங்கட்டி, சாவியையும் பிடுங்கிட்டார். ரோட்டுல ஒரு சத்தம் இல்ல. அவ அவர் கையை எடுத்து வயித்து மேல வச்சா. நின்ன வண்டியில... அந்த நடுக்கம் உள்ள ஓடிக்கிட்டு இருக்கு. அங்கேயே உக்காரவும் முடியாது, போகவும் பயம். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம்னே தெரியலைண்ணேன்னு சொல்லி என் எதிர்ல அழுதார்.

எப்படியோ ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்து, பொண்ணு பொறந்தா. நல்ல எடை, நல்ல நிறம். ஆனா உடம்பு மட்டும் விடாம லேசா நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. டாக்டருங்க மாத்தி மாத்திப் பார்த்துட்டு, நரம்புல ஒண்ணுமில்ல, சில குழந்தைங்களுக்குக் கொஞ்ச நாள் இப்படி இருக்கும்னுட்டாங்க. வண்டிக்குத் திங்கக்கிழமை வந்த வீலை மாட்டி ஓட்டிப் பார்த்தேன். எண்பதுல அசைவே இல்ல.

ரெண்டு மாசம் கழிச்சு இங்கதான், இந்த மெஷின் பக்கத்துல, மூணு பேரும் வந்து நின்னாங்க. மாப்பிள்ளை தலையே தூக்கலை. நான் கையைத் துடைக்கக்கூட இல்ல, அந்தப் பொண்ணு துணியில சுத்தின குழந்தையை என் கையில வச்சுட்டா.

"அண்ணே, ஆஸ்பத்திரியில யாருக்கும் தெரியலை. உங்க கைக்குத் தெரியும். அதானான்னு மட்டும் சொல்லுங்க."

குழந்தை தூங்குது. முப்பது வருஷமா வீல் பிடிச்ச கை இது, அரை கிராம் ஆட்டம் இருந்தாலும் சொல்லிடும். எண்பதுல வந்த அதே நடுக்கம்தான். கொஞ்சமும் கூடலை, கொஞ்சமும் குறையலை. வீலா இருந்தா கழட்டிடலாம். இதுல நான் எங்கே ஈயம் அடிப்பேன், சொல்லுங்க? அந்தப் பொண்ணு என் வாயையே பார்க்குது.

"அது இல்லம்மா, இது வேற"ன்னேன்.

அவ அப்படியே என் பெஞ்சுல உக்காந்து அழ ஆரம்பிச்சுட்டா. சந்தோஷத்துல. மாப்பிள்ளை என் காலைத் தொட வந்தார். அப்பதான் என் கையில இருந்த குழந்தைக்கு நடுக்கம் நின்னுச்சு. குனிஞ்சு பார்த்தேன்.

குழந்தை கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு... சிரிச்சுக்கிட்டு.