டக் குடா பூட்டியே கிடக்கட்டும்

கையில் மணியோடு, இந்தப் பெண்ணை எப்போது நிறுத்தலாம் என்று காத்திருக்கும் மீனவர் குழுத் தலைவி டல்சி கீப்பிங் அம்மையார் அவர்களே! ஜெபத்தைச் சுருக்கமாக முடித்து ஊரின் நன்றியைப் பெற்ற போதகர் அவர்களே! பின்னல் ஊசியை நிறுத்தாமலே ஊரை நடத்தும் தாய்மார்களே! தேநீருக்கு வந்து வாக்கெடுப்பில் மாட்டிக்கொண்ட பெரியோர்களே! கதவருகே நின்றால் தப்பிவிடலாம் என்று நம்பும் இளைஞர்களே! குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கி, இன்று முதன்முதலாக மேடையில் நிற்கும் மேவிஸ் பார்டியின் வணக்கம்.

டக் குடாவில் சிங்கி இறால் பிடிக்கக் கூடாது என்ற தடை வானத்திலிருந்து விழவில்லை. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் நீங்களே அரசிடம் கேட்டு வாங்கியது. அதை இப்போது திறந்துவிடலாமா என்பதே இன்றைய வாக்கெடுப்பு. திறந்தால் இந்த வசந்தத்தில் பிடி கொழிக்கும். அடுத்த வசந்தம்? நாட்டின் மறுகோடியில் அல்பர்ட்டாவின் எண்ணெய் வயலை உதறிவிட்டு என் அண்ணன் கேல்வின் ஊர் திரும்பி, படகு வாங்கி ஓராண்டுதான் ஆகிறது. குடா காலியானால் அவன் மறுபடி விமானம் ஏறுவான். கடலைக் காக்க வந்த வீராங்கனை என்று என்னைத் தவறாக எண்ணிவிடாதீர்கள். நான் அண்ணனைக் காக்க வந்தவள்.

யாரது, எல்டன் மாமாவா? "ஏம்மா, சிங்கிய நீ புத்தகத்துலதானே பாத்தே?" என்கிறார். நியாயமான கேள்வி. புத்தகத்துச் சிங்கி விரலைக் கிள்ளவில்லை, மாமா. அது ஒன்றுதான் வித்தியாசம்.

தடையால் ஒரு பயனும் இல்லை என்கிறீர்கள். சரி. அப்படியென்றால் தடை எல்லையில் மிதக்கும் மஞ்சள் மிதவைகளை ஒட்டி, சாவு வீட்டு வாசலில் கழற்றிவிட்ட பூட்ஸ்களைப் போல, சிங்கி பிடிக்கும் உங்கள் கூண்டுகள் குவிந்து கிடப்பது ஏன்? கடல் சிறியதா? கரை குறுகியதா? காலி வீட்டின் வாசலில் எவராவது காத்துக் கிடப்பாரா? உள்ளே பிறந்து, உள்ளே வளர்ந்து, உள்ளே கொழுத்து, வெளியே நடந்து வருவதைப் பிடிக்கத்தானே அங்கே கிடக்கிறீர்கள்!

புயலில் கூண்டு எல்லை தாண்டி நகரும் என்பீர்கள். நகரட்டும். ஆனால் வடகாற்று அடித்தாலும் உள்ளே, தென்காற்று அடித்தாலும் உள்ளே! வெளிப்பக்கம் நகர்ந்த கூண்டு ஒன்றை நியூஃபவுண்ட்லாந்தின் எந்தக் கரையாவது கண்டதுண்டா? காற்றுக்குத்தான் நம் மேல் எத்தனை கரிசனம்! சிரிக்காதீர்கள், அப்பா. அடுத்து வருவது உங்கள் கூண்டு.

போன பருவத்தின் கடைசி வாரம். அப்பா, கேல்வின், நான், மூவரும் படகில் இருந்தோம். எல்லைக்கு உள்ளே ‘காற்று தள்ளிய’ எங்கள் கூண்டை இழுத்தோம். முழங்கை நீளத்தில் ஒரு சினைச் சிங்கி. வயிற்றடியில் கருப்பு மணிகளாய் முட்டைகள். போட்ட இரையை எல்லாம் தின்று முடித்துவிட்டு, இன்னும் என்ன இருக்கிறது என்று கேட்கும் விருந்தாளியைப் போல உட்கார்ந்திருந்தாள். அவளைத் திருப்பி விட வேண்டும் என்பது சட்டம். சினையைத் தேய்த்துவிட்டால் எவனுக்கும் தெரியாது என்பது தந்திரம். அப்பா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு வாளியிலிருந்து பிரஷ்ஷை எடுத்தார்.

அப்பாவை எதிர்த்து ஒரு சொல் பேசியறியாத கேல்வின், கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்: "தேயிங்கப்பா. அப்படியே என் பெட்டியையும் கட்டிக் குடுத்துடுங்க."

பிரஷ் நின்றது. அப்பா அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை, அந்தச் சிங்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கத்தியை எடுத்து வாலில் சிறிய வெட்டுப் போட்டார். அந்த வெட்டு இருந்தால், சினை இல்லாத நாளிலும் அவளை யாரும் பிடிக்கக் கூடாது. தண்ணீரில் விட்டுவிட்டு அவளிடமே பேசினார்: "போடி, உள்ளயே கிட. எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல."

அன்பர்களே, நான்கு ஆண்டுகள் கடலைப் பற்றிப் படித்தேன். இவ்வளவு உண்மையான ஒரு வரியை எந்தப் பேராசிரியரும் சொல்லித் தரவில்லை. நாம் புனிதர்களாக இருந்தால் தடை எதற்கு? நம் கை நீளாதென்றால் எல்லை எதற்கு? திருடனுக்குப் பயந்து பூட்டுவது வீடு. நமக்கே பயந்து பூட்டுவது கடல்! நாம் நல்லவர்கள் என்பதற்காக அல்ல, நம்மை நமக்கு நன்றாகத் தெரியும் என்பதற்காகப் பூட்டுவோம். பிள்ளைகள் ஊரில் இருக்க வேண்டும் என்பதற்காகப் பூட்டுவோம்!

அம்மையார் மணியைத் தூக்கிவிட்டார். முடிக்கிறேன். குடா பூட்டியே கிடக்கட்டும் என்போர் கை தூக்குங்கள். தாய்மார்களே, ஊசியோடு தூக்கினாலும் செல்லும். கேல்வின், ஒரு கைதான் கணக்கு. அப்பா... உங்கள் வலக்கை காதுவரை வந்துவிட்டது. தலை சொறியவா, வாக்களிக்கவா? இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். அம்மையாரே, ஹெட்லி பார்டி என்று எழுதிக்கொள்ளுங்கள், அவர் மனம் மாறுவதற்குள்!

பொறுத்துக் கேட்ட காதுகளுக்கு நன்றி. இன்னும் இறங்காத கைகளுக்கு என் வணக்கம்.