மூக்கை ஆராய்ச்சிக்குக் கொடுத்தவர்

இந்த நாட்டில் ஆராய்ச்சிக்கு மூக்கையே அறுத்து எடுக்கிறார்கள் என்று நம்பி, மூக்கொழுகும் தடிமனுக்கு டொக்டரிடம் போய்க்கொண்டிருந்த நான் என் மூக்கை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன். ஆராவ் நகருக்குப் போகும் ரயிலில் பின் இருக்கையில் ஒருவர் சொன்னது அப்படி: "என்ர மூக்கை ஆராய்ச்சிக்குக் குடுத்திட்டன்."

எட்டிப் பார்த்தேன். அறுபது வயதிருக்கும். மூக்கு முழுசாக இருந்தது.

"உள்ளுக்குச் சதை வளந்து மணம் போச்சு. ஆஸ்பத்திரியில புது ஊசி போட்டுப் பாக்கினம்."

அவர் பக்கத்திலிருந்த பெண் கேட்டாள்: "மணம் வந்திட்டுதோ, அண்ணை?"

"வந்து மூண்டு கிழமை. முதல்ல மணத்தது என்ர சப்பாத்துத்தான்."

"ஆஸ்பத்திரி நேர்ஸுக்குச் சொன்னீங்களோ?"

"இல்லை. ஒவ்வொரு வெள்ளியும் போன் எடுத்து, மணம் தெரியுதோ, நித்திரை கொண்டனீங்களோ எண்டு கேப்பா. வந்திட்டுதெண்டு சொன்னா அந்தப் போன் நிண்டிடும். வேற ஆர் எனக்குப் போன் எடுக்கினம்?"

"உங்கட பொய்யை நம்பி அந்த ஊசி சரியில்லையெண்டு விட்டிட்டினம் எண்டா? மற்ற நோயாளியள் என்ன செய்யிறது, அண்ணை?"

அவர் போனை வெளியே எடுத்தார். தானே நேர்ஸை அழைத்து, மணம் வந்து மூன்று வாரம் என்று டொச் எனும் ஜெர்மன் மொழியில் சொன்னார். நன்றி என்றார். ஒரு நிமிடத்துக்குள் பேச்சு முடிந்துவிட்டது.